மேகாற்றின் பிறந்த வீடு

வைகாசி, கடைசி வாரம்

இன்று விடியலில் மேகாற்று எடுத்துவிட்டது. நேற்று ராத்திரி வரை வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. மூன்று மணி வாக்கில் மாடிக் கதவு தானாக அடித்துக்கொண்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். தென்னைகள் எல்லாம் கிழக்கே தலை சாய்த்து நின்றன.

குளத்தங்கரைக்குப் போனபோது ஆடு பத்திக்கொண்டு வந்த பெரியவர் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தார். "மேகாத்து எடுத்துட்டுல்லா, இனி குத்தாலத்துல தண்ணி விழும்" என்றார். குற்றாலம் எங்கள் ராயகிரிக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டர் போல இருக்கும். காற்று இங்கே, தண்ணீர் அங்கே.

"இந்தக் காத்து எங்கேருந்து அண்ணாச்சி வருது?"

"மலைக்கு அங்கிட்டிருந்து."

"அதுக்கும் அங்கிட்டு?"

"கடல்."

"அதுக்கும் அங்கிட்டு?"

அவர் மேற்கே மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மலையின் உச்சி தெரியவில்லை, மேகம் மூடியிருந்தது. "அதைக் காத்துகிட்டதான் கேக்கணும் தம்பி" என்று சொல்லிவிட்டு ஆடுகளின் பின்னால் போய்விட்டார்.

ஆனி 4

அந்தக் கேள்விக்கு விடை உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பே படித்ததுதான். ஆனாலும் காற்று எடுக்கும் நாளில் ஒவ்வொரு முறையும் அது புதிதாகவே இருக்கிறது. அதனால் இந்த நோட்டில் எழுதி வைக்கிறேன்.

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இப்போது குளிர்காலம். இந்தியப் பெருங்கடலின் தென்பாதியில், கடலுக்கு மேலே கனத்த காற்று உயரத்திலிருந்து இறங்கிக் குவிந்து கிடக்கிறது. அந்தக் குவியலுக்கு மஸ்கரீன் உயரழுத்தம் என்று பெயர். அதற்கு வடக்கே உள்ள மஸ்கரீன் தீவுகளான மொரீஷியஸ், ரெயூனியன், ரோட்ரிக்ஸ் ஆகியவற்றால் வந்த பெயர் அது. குவிந்தது வழிந்துதானே ஆக வேண்டும். வடமேற்காக வழிகிறது. தென்கிழக்கிலிருந்து வந்து மொரீஷியஸைத் தடவிக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை போகிறது. அங்கே கிழக்காப்பிரிக்க மேட்டுநிலம் மதில்போல் நிற்கிறது. மதிலை ஒட்டியே வடக்கே ஓடி, நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் திருப்பிவிட, சோமாலியாக் கரையை விட்டு அரபிக்கடலுக்குள் இறங்குகிறது. தரைக்கு மேல் ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் ஆறுபோல் ஓடும் அந்தக் காற்றை 1969-இல் ஜான் ஃபிண்ட்லேட்டர் என்ற வானிலையாளர் விவரித்து எழுதினார். ஆறு என்ற சொல்லை நான் அழகுக்காகப் போடவில்லை. அதற்குக் கரை உண்டு, வளைவு உண்டு, வேகம் கூடும் இடமும் குறையும் இடமும் உண்டு.

அந்த ஆறுதான் கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு கேரளத்தில் கரையேறுகிறது. மலையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்க்கிறது. செங்கோட்டைக் கணவாயில் மலை தாழ்ந்து வழிவிடுவதால் அங்கே கொஞ்சம் ஈரம் இந்தப் பக்கம் தப்பி வருகிறது. அதுதான் குற்றாலத்துச் சாரல், அதுதான் சீசன். கணவாயிலிருந்து வடக்கே தள்ளி இருக்கும் எங்களுக்குக் காற்று மட்டும் வருகிறது.

மொரீஷியஸ் தீவு இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். காற்று நேர்கோட்டில் வருவதில்லை, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வருகிறது. என் மாடிக் கதவை அடித்த காற்றுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று உண்டென்றால், அது அந்தத் தீவைச் சுற்றியுள்ள கடல்தான்.

ஆனி 11

அந்தத் தீவை நான் பார்த்ததில்லை. வரைபடத்தில் விரல் வைத்தால் விரலுக்கடியில் மறைந்துபோகும். தெற்கு அட்சம் 20 பாகை. தலைத்தீவு 1,865 சதுர கிலோமீட்டர். எங்கள் தென்காசி மாவட்டம் அதைவிடப் பெரிது. ஆனால் அது ஒரு நாடு, 1968 மார்ச் 12 முதல் சுதந்திர நாடு.

படித்ததையும் படங்களில் பார்த்ததையும் வைத்து மனசுக்குள் அதை நான் கட்டியிருக்கிறேன். நடுவே ஒரு மேட்டுநிலம். அதைச் சுற்றி உடைந்த வளையல்போல் அங்கங்கே மலைகள். ஒரு காலத்தில் கடலுக்குள்ளிருந்து எழுந்த ஒரே பெரிய எரிமலையின் விளிம்பு அவை. நடு இடிந்து அமர்ந்துவிட, விளிம்பு மட்டும் துண்டு துண்டாக மிஞ்சியது. மிக உயர்ந்த சிகரம் 828 மீட்டர். தலைநகர் போர்ட் லூயியின் முதுகில் நிற்கும் மலைக்குப் பெருவிரல் என்றே பிரெஞ்சில் பெயர். பக்கத்து மலையின் உச்சியில் ஒரு பாறை, கழுத்தில் தலை வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கிறது.

கூர்ப்பிப் என்ற ஊர் மேட்டுநிலத்தின் மேல், சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்குள்ளேயே ஓர் எரிமலை வாய். மான்களின் குழி என்று பெயர். இப்போது அதற்குள் மரம் வளர்ந்து நிற்கிறது, அடியில் கொஞ்சம் தண்ணீர். காலையில் ஊர்க்காரர்கள் அந்த வாயின் விளிம்பைச் சுற்றி நடைபோகிறார்களாம். நான் குளத்தங்கரையில் நடக்கும் அதே நேரம் என்று சொல்ல முடியாது. அவர்களுடைய கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பிந்தியது. நான் நடந்து முடித்து வீடு திரும்பும்போது அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆனி 12

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. தீவின் மேட்டுநிலம் பெரிய உயரமே இல்லை. எங்கள் மேற்கு மலை அதைவிட மிக ஓங்கியது. ஆனால் ஈரக்காற்றுக்கு அவ்வளவே போதும். கிழக்கிலிருந்து வரும் காற்று மேட்டில் ஏறுகிறது, ஏறும்போது குளிர்கிறது, குளிர்ந்ததும் சுமையை இறக்கிவிடுகிறது. மேட்டுநிலத்தில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் வரை பெய்கிறது. அதே தீவின் மேற்குக் கரையில் 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவு. குறுக்கே வெறும் 45 கிலோமீட்டர் அகலமுள்ள தீவில் இத்தனை வித்தியாசம். ஒருவன் கூர்ப்பிப்பில் குடையோடு பேருந்து ஏறி, போர்ட் லூயியில் வெயிலில் இறங்குவான்.

போர்ட் லூயி இருப்பது மலைக்குப் பின்னால், காற்றின் மறைவில். ராயகிரியும் அப்படித்தான்.

ஆனி 20

மழைமறைவு என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அது எங்கோ இருக்கும் ஊருக்கான சொல் என்று நினைத்திருந்தேன். ஜன்னலைத் திறந்தால் தெரியும் மலையைப் பற்றியது அது என்று உறைக்க எத்தனையோ ஆண்டுகள் ஆயின.

இந்த மலைக்கு அங்கிட்டுப் பெரியாறு பிறக்கிறது. எங்கள் பக்கத்துப் பெயரையே கொண்ட சிவகிரி மலையிலிருந்து மேற்கே இறங்கி, அரபிக்கடலுக்குப் போகிறது. மலைக்குள் செண்பகவல்லித் தடுப்பணை உடைந்து கிடக்கிறது. அது இருந்தவரை கொஞ்சம் நீர் கிழக்கே திரும்பி இந்தக் குளங்களுக்கு வந்தது. அதைச் சரிசெய்து தரச் சொல்லி சிவகிரி, வாசுதேவநல்லூர், ராயகிரி வட்டாரத்து விவசாயிகள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டவர்களில் பலர் இப்போது இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது தொடங்கிய பேச்சு இன்றும் டீக்கடையில் அதே இடத்தில் நிற்கிறது. இதை எழுதும்போது கை கொஞ்சம் அழுத்துகிறது.

அந்தத் தீவிலும் இதே சிக்கல்தான். பெய்வது மேட்டில், வாழ்வது கரையில். மேட்டில் பெய்ததை நீர்த்தேக்கங்களில் நிறுத்தி, வாய்க்கால் வெட்டி, காய்ந்த வடக்குச் சமவெளிக்கும் மேற்குக் கரைக்கும் கொண்டுபோகிறார்கள். போதாததற்கு நிலத்தடி நீர். எரிமலைப் பாறை ஓட்டையும் விரிசலுமாக இருப்பதால் மழை உள்ளே இறங்கிவிடும். எரிமலைக் குழம்பு ஓடிய காலத்தில் அதன் மேல்தோல் இறுகி, உள்ளே இருந்தது வழிந்துபோய், வெறும் குகையாக நின்ற சுரங்கங்களும் உண்டு. ஆறுகள் சிறியவை, மேட்டிலிருந்து சில மணி நேரத்தில் கடலைத் தொட்டுவிடும். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயியில் சற்று நேரமே கொட்டிய மழையில் பதினோரு பேர் இறந்துபோனார்கள். ஓடை என்றால் எங்களுக்கும் தெரியும். பழைய குற்றாலத்தில் 2024 மே மாதம் திடீரென வெள்ளம் இறங்கி ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. மேலே பெய்வது கீழே நிற்பவனுக்குத் தெரியாது.

ஆடி, முதல் வெள்ளி

காற்று உச்சத்தில் இருக்கிறது. புழுதி கண்ணைத் திறக்க விடவில்லை. கதவை அடைத்துக்கொண்டு பாறைகளைப் பற்றிப் படித்தேன்.

மொரீஷியஸைக் கட்டிய நெருப்பு அந்தத் தீவோடு தொடங்கியதல்ல. பூமிக்கு அடியில், ஓரிடத்தில், நெடுங்காலமாக ஓர் அடுப்பு எரிகிறது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் மேல் இந்தியா இருந்தது. அப்போது பொங்கி வழிந்ததுதான் மராட்டியத்தில் அடுக்கடுக்காக நிற்கும் தக்காணத்துக் கரும்பாறை. இந்தியா வடக்கே நகர்ந்து போனது. அடுப்பு அங்கேயே எரிந்தது. தோசைக்கல்தான் நகர்ந்தது. நகர நகர லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று கடலுக்குள் ஒரு மேட்டு வரிசை உருவாயிற்று. அந்த வரிசையில் கடைசிக்கு முந்தியது மொரீஷியஸ், வயது 80, 90 லட்சம் ஆண்டு. அங்கே கடைசியாகக் குழம்பு ஓடியது சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் என்கிறார்கள். இப்போது அந்த அடுப்பு எரிவது பக்கத்துத் தீவான ரெயூனியனில். அங்கே அடிக்கடி பொங்கும் எரிமலைக்கு உலைச் சிகரம் என்பதுதான் பிரெஞ்சுப் பெயரின் பொருள்.

சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசலும் அந்த நெருப்பில் வந்ததுதான் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். நிறம் ஒன்றாக இருந்ததால் வந்த நம்பிக்கை. அப்படி இல்லை. மராட்டியக் கரிசல் எரிமலைப் பாறை இற்று வந்தது. நம்முடையது பழைய நைஸ் பாறை, வறண்ட வெயிலில் இற்று வந்தது. எரிமலை இங்கே வரவில்லை. இந்த மலை எரிமலை அல்ல, அதைவிட மிக மிகப் பழையது.

ஆடி, அடுத்த நாள்

ஆனாலும் உறவு இல்லாமல் போகவில்லை. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்த நிலங்கள். ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. செங்கோட்டையைத் தாண்டினால் வரும் அச்சன்கோவில், ஐயப்பனுக்காக நாங்கள் போகும் அதே ஊர், புவியியலாளர்களுக்கு வேறொன்றின் பெயர். அங்கே நிலத்தின் ஆழத்தில் பாறைகள் ஒன்றையொன்று உரசி இழுபட்ட நீண்ட தழும்பு ஒன்று மலையைக் குறுக்கே வெட்டிப் போகிறது. அதன் தொடர்ச்சியை மடகாஸ்கரில் தேடுகிறார்கள்.

பிரியும்போது ஒரு துண்டு நடுவில் உதிர்ந்து கடலுக்குள் போயிற்று. மொரீஷியஸின் பாறைக்குள் ஸிர்க்கான் என்ற மிக நுண்ணிய மணிகள் அகப்பட்டன. 2017-இல் வெளியான ஆய்வில் அவற்றுள் சிலவற்றின் வயது 300 கோடி ஆண்டு. 90 லட்சம் ஆண்டுத் தீவுக்குள் 300 கோடி ஆண்டு மணி. எரிமலைக் குழம்பு மேலே வரும் வழியில், அடியில் மூழ்கிக் கிடந்த அந்தப் பழைய நிலத்தை உரசி எடுத்து வந்திருக்கிறது. அந்த நிலத்துக்கு மொரீஷியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

குளத்தங்கரையில் ஒரு கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எதையும் யோசிக்கவில்லை. கல் வெயிலில் சுட்டது.

ஆடி அமாவாசை

இறந்தவர்களை நினைக்கும் நாள். எனக்குத் தெரியாதவர்களையும் சேர்த்தே நினைத்தேன்.

பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில், புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அந்தத் தீவுக்குப் போனார்கள். போர்ட் லூயியைக் கட்டியதில் அவர்கள் கை உண்டு. பிறகு ஆங்கிலேயர் காலம். அடிமை முறை முடிவுக்கு வந்த காலத்தில், 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். கல்கத்தா, மதராஸ், பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். அவர்கள் இறங்கிய துறையின் கல்படிகள் போர்ட் லூயியில் இன்றும் இருக்கின்றன. ஆப்பிரவாசி காட் என்று பெயர். 2006-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றது.

நான் நினைப்பது படிகளை அல்ல, கற்குவியல்களை. கரும்பு நட வேண்டிய நிலமெல்லாம் எரிமலைக் கல். மேலே கல், தோண்டினால் கல். முதலில் அடிமைகளும் பிறகு கூலிகளும் அவற்றைக் கையால் பொறுக்கிக் குவித்தார்கள். குவியல்கள் இன்றும் கரும்புக் காட்டின் நடுவே கறுத்து நிற்கின்றன, சில வீட்டு உயரத்துக்கு. எங்கள் ஊரிலும் புஞ்சையைத் திருத்தும்போது பிள்ளைகளை விட்டுக் கல் பொறுக்கச் சொல்வார்கள், நானும் பொறுக்கியிருக்கிறேன். ஒரு நாள் பொறுக்கினால் இரவில் விரல் நுனி எரியும். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் எத்தனை இரவு?

வாசுதேவநல்லூர் வயல்களில் கரும்பு காற்றில் உரசும் சத்தம் இங்கே தெரியும். அந்தத் தீவிலும் அதே சத்தம்தான் இருக்கும். அதே காற்றும்கூட, சில நாட்களுக்கு முன்பே.

ஆவணி

மழை இல்லை. குளம் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. இந்தப் பருவத்துக் கார் சாகுபடி ஆற்றுப் பாசனம் உள்ளவர்களுக்குத்தான், எங்களுக்கு மழைக்காலத்துப் பிசானம் ஒன்றே.

தீவுத் தமிழர்களின் பஞ்சாங்கத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாதங்களின் பெயர் அதே. தைப்பூசத்துக்கு அந்த நாட்டில் அரசு விடுமுறை. மலைச்சரிவில் முருகன் கோயில் கட்டியிருக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள். ஆனால் இங்கே தை என்றால் பனி, அறுவடை, குளிர்ந்த விடியல். அங்கே தை நடுக்கோடை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கோடையும் மழையும் புயலும். ஆனியிலும் ஆடியிலும் குளிர். அக்காலத்தில் இங்கிருந்து போனவர்கள் முதல் மார்கழியில் வியர்த்தபோது என்ன நினைத்திருப்பார்கள்? கோலம் போட விடியலில் எழுந்தவளுக்குப் பனி இல்லை. மாதம் சொல்வது ஒன்று, தோல் சொல்வது ஒன்று.

அவர்கள் மாதத்தை மாற்றவில்லை. நம் மாதம் சூரியன் நிற்கும் ராசியைக் கொண்டது, வெயிலையோ மழையையோ கொண்டதல்ல. அதனால் அது கடல் தாண்டியும் நின்றது.

வானம் மட்டும் சாய்ந்துவிட்டது. துருவ நட்சத்திரம் அங்கே தெரியவே தெரியாது. திருமணத்தில் காட்டும் அருந்ததி வடக்கு அடிவானத்தில் தாழ்ந்து, மலை மறைக்காவிட்டால் தெரியும். அதற்கு ஈடுபோல அகத்திய நட்சத்திரம் அங்கே ஓங்கி நிற்கிறது. ராயகிரியில் தை மாதத்து இரவில் அது தெற்கே, பனைமரத் தலைக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். பொதிகையிலிருந்து இன்னும் தெற்கே நடந்து போனால் அகத்தியர் உயர்ந்துகொண்டே போகிறார்.

புரட்டாசி

புயல்களைப் பற்றி ஒரு குறிப்பு. 1960 ஜனவரியில் அந்தத் தீவை அலிக்ஸ் என்ற புயல் அடித்தது. வீடுகளை எடுத்துக் கட்டி முடிக்கும் முன், பிப்ரவரி 28-இல் கரோல் வந்தது. காற்றின் வேகம் மணிக்கு 256 கிலோமீட்டரைத் தொட்டது. புயலின் கண் தீவின் மேலேயே கடந்தது. காற்று நின்றது, வானம் தெளிந்தது, பிறகு எதிர்த்திசையிலிருந்து மறுபடி தொடங்கியது. ஓலையும் மரமும் தகரமுமாக இருந்த வீடுகள் போயின. அதன் பிறகுதான் தீவு கான்கிரீட்டுக்கு மாறியது. தட்டையான கூரை, தடித்த சுவர். கரும்பு மட்டும் சாய்ந்து, மறுபடி எழுந்துகொண்டது.

1966 ஜனவரியில் ரெயூனியனின் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் ஒரே நாளில் 182 செ.மீ. மழை. இன்றுவரை உலகில் அதற்கு மேல் ஒரு நாள் மழை பதிவாகவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 90 செ.மீட்டருக்கு மேல் பெய்தபோது நாங்கள் உலகமே முடிந்ததாக நினைத்தோம். ஃபோக்-ஃபோக்கில் பெய்தது ஏறத்தாழ அதைப்போல் இரண்டு மடங்கு. மனசு அந்த எண்ணைப் பிடிக்க மறுக்கிறது.

ஐப்பசி 9

மேகாற்று நின்று மூன்று வாரம் ஆகிறது. நேற்று மாலை கிழக்கே கறுத்தது. கொண்டல் தொடங்கி இரவு முழுக்கப் பெய்தது. காலையில் குளத்துக்குள் செந்நீர் வந்து சேர்ந்திருந்தது. இப்படி இன்னும் நாலு நாள் பெய்தால் மறுகால் பாயும்.

பெரியவர் ஆலமரத்தடியில் ஒதுங்கி நின்றார். இந்த ஐந்து மாதத்தில் தீவின் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குச் சொல்லியிருந்தேன்.

"அந்த ஊர்ல இப்ப மழையாய்யா?"

"இல்ல அண்ணாச்சி. அங்க இப்பத்தான் நல்ல காய்ச்சல். வருஷத்துலயே மழை குறைஞ்ச மாசம் இந்த அக்டோபர்தான்."

அவர் யோசித்தார். "அப்போ இந்தக் காத்து எங்கே போகும்?"

அதற்கும் விடை உண்டு. வடக்கிலிருந்து இறங்கும் இந்தக் காற்று மார்கழி, தை வாக்கில் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போகும். தாண்டியதும் இந்த முறை இடப்பக்கம் திரும்பும். அங்கே தென்கிழக்குக் காற்றோடு சேருமிடத்தில் மேகம் திரளும், தீவின் கோடைமழைக் காலம் வரும். அதைச் சொன்னேன்.

"பொறந்த வீட்டுக்குப் போகுதுன்னு சொல்லு" என்றார். பிறகு கையிலிருந்த ஆட்டுக்குட்டியைத் துண்டுக்குள் சேர்த்து அணைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார். ஆடுகள் கரையின் மேல் வரிசையாகப் போயின. குளத்துக்குள் நீர் ஏறிக்கொண்டிருந்தது.